விதைத்த ஓடுகள்

சாலை போடுகிறவர்களுக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அது யார் வீட்டு அடுப்படியை அறுத்துக்கொண்டு போகிறது என்பதெல்லாம் பென்சிலுக்குத் தெரியாது. வெங்காயக்காரம்மாவின் நிலத்தில் அந்தக் கோடு மேல்பக்கமாக வந்தது. மேல்பக்கத்தில்தான் வீடு, கிணறு, மோட்டார் அறை, வெங்காயப் பாத்திகள், எல்லாமே இருந்தன. கீழ்ப்பக்கம் சும்மா ஒரு சரிவு. அவரை விதை போடுவார்கள், வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. கோடு அந்தப் பக்கம் போயிருந்தால் அவள் ஒரு மூச்சு அழுதுவிட்டு மறுநாளே சந்தைக்குக் கிளம்பியிருப்பாள்.

சந்தையில் எல்லோரும் அவளை வெங்காயக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பேரம் பேசி அவளை ஜெயித்தவர் யாரும் கிடையாது. அப்படிப்பட்ட வாய்க்காரி, நில எடுப்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கவலையெல்லாம் வீட்டில் இருந்த மனிதரைப் பற்றியது.

அவள் வீட்டுக்காரருக்குக் கண் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நரம்புக் கோளாறு என்றார்கள். முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும் போயிற்று. ஆனால் அந்த நிலத்துக்குள் அவரைக் கண் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. வெறுங்காலோடு வாசலை விட்டு இறங்கினால் நேரே கிணற்றடிக்குப் போவார். மோட்டாரைப் போடுவார், மடை திருப்புவார், வெங்காயத் தாளையும் களையையும் விரலால் பிரித்துக் களையை மட்டும் பிடுங்குவார். அந்தப் பக்கம் வருகிற வெளியாட்கள் அவரிடம் வழி கேட்டுக்கொண்டு போவதுண்டு. பிறகு யாராவது சொல்லித்தான் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கினார்கள். மூன்றாம் மாடி. மருமகன் தங்கமான பையன், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நிலத்தில் ராஜா மாதிரி நடந்த மனிதர் அங்கே கட்டிலைவிட்டு இறங்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று இடித்தது. குளியலறைக்குக் கூட்டிப் போகும்படி ஒவ்வொரு தடவையும் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவள் மகளின் சமையலறையில் நின்று அழுதாள். வீட்டுக்குப் பதில் வேறு வீடு கொடுப்பார்கள், அதில் சந்தேகமில்லை. அந்த வேறு வீட்டில் இவர் எப்படி இருப்பார் என்பதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். ஆகவே ரோடு வருகிறது என்ற சேதியை மட்டும் அவரிடம் சொல்லி, "கீழ சரிவுலதான் போகுதாம்" என்று ஒரு பொய்யையும் சேர்த்துவைத்தாள்.

கூட்டத்தில் அவள் காதில் நின்றது ஒரே ஒரு பேச்சுதான். அதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொல்லியல்காரங்க வந்து நிலத்தைத் தோண்டிப் பாப்பாங்க. பழங்காலத்து ஊரு, கட்டடம் ஏதாவது மண்ணுக்குள்ள இருந்தா, ஏன், பழைய பானை ஓடு சிதறிக் கிடந்தாக்கூட, அந்த இடத்தைத் தொட மாட்டோம். மேல இருந்துச்சுன்னா ரோட்டைக் கீழ தள்ளிடுவோம். கீழ இருந்துச்சுன்னா மாத்துற பேச்சுக்கே இடமில்ல. ரோடு மேலதான்."

பழங்காலத்துச் சாமானுக்கு அவள் எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. கீழ்ச் சரிவை உழுதால் பானை ஓடு வரும். கறுப்பும் சிவப்புமாக, முனை கூராக, காலைப் பதம் பார்க்கிற ஓடுகள். அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது: சரிவில் இறங்கியவர் யாரானாலும் திரும்பி ஏறும்போது வெறுங்கையோடு ஏறக் கூடாது. அகப்பட்ட ஓடுகளைப் பொறுக்கிவந்து மோட்டார் அறைக்குப் பின்னால் வீச வேண்டும். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே நடக்கிற காரியம். கண் போன பிறகு அவர் இதில் இன்னும் மும்முரமானார். கால்விரலால் துழாவித் துழாவி எடுப்பார். இப்படிப் பொறுக்கியே சரிவு துடைத்துவிட்டது போல ஆகிவிட்டது. மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த குவியல் மேல் கொடி படர்ந்து, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கிணற்றடியில் குளிக்கிற நேரமாகப் பார்த்து, குவியலிலிருந்து வாளி வாளியாக ஓட்டை அள்ளிக்கொண்டுபோய், அறுவடை முடிந்து உழுதுபோட்டிருந்த மேல் பாத்திகளில் போட்டாள். "என்ன அங்க கடகடன்னு சத்தம்?" என்று அவர் குரல் கொடுத்தார். "எலி வளை வச்சிருக்கு. கலைக்கிறேன்" என்றாள். கொடுத்த பதிலை அவர் அப்படியே நம்பியதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

தொல்லியல்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு சின்ன வயசுப் பெண். முகம் தெரியாத அளவுக்கு அகலமாக ஒரு தொப்பி. வெங்காயக்காரம்மா மனசுக்குள் அவளுக்குத் தொப்பிக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். தொப்பிக்காரி தன் ஆட்களைக் கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக வரிசையில் நிறுத்தி, நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்த தலை நிமிராமல் நடக்க வைத்தாள். ஓடு கண்ட இடத்தில் எல்லாம் ஒரு சின்னச் சிவப்புக் கொடி. சாயங்காலத்துக்குள் மேல் பாத்தி முழுக்கக் கொடி முளைத்துவிட்டது. கீழ்ச் சரிவில் ஒன்றுகூட இல்லை.

பொக்லைன் ஓட்ட வந்தவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "என்ன மேடம், நாத்து நட்ட மாதிரி நிக்குது!"

தொப்பிக்காரி சிரிக்கவில்லை. "அதான் நானும் பாக்குறேன்" என்றாள்.

வெங்காயக்காரம்மா அப்போதுதான் கொடிகளை ஒழுங்காகப் பார்த்தாள். அவள் அதுவரை கவனிக்காத விஷயம் அது. ஆயுசு முழுக்க வெங்காயம் ஊன்றிய கை அல்லவா? அவளை அறியாமல் ஓட்டையும் சாண் விட்டுச் சாண், வரிசை தப்பாமல் போட்டிருந்தது. களவு செய்கிறபோதுகூடக் கலைத்துப்போடத் தெரியாத கையை என்னவென்று சொல்வது?

இருந்தாலும் கொடி இருக்கிற இடத்தில்தான் குழி போட வேண்டும் என்பது அவர்கள் முறை. கொடியே இல்லாத சரிவை விட்டுவிட்டார்கள். பல்லில்லாத அகல வாளியை மாட்டிக்கொண்டு பொக்லைன் மேல் மண்ணை மெல்லிசாகச் சீவியது. தொப்பிக்காரி அதன் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, சீவுகிற மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், நிறம் மாறுகிறதா என்று பார்த்தாள். மாறவில்லை. ஒரு நீளக் குழி, அதற்குக் குறுக்கே இன்னொன்று, கிணற்றோரமாக வேறொன்று. எதிலும் மனுஷன் கால் பட்ட அடையாளமே இல்லாத மஞ்சள் களிமண். "மேலாப்புல இவ்வளவு ஓடு கிடக்குது, அடியில ஒரு பூச்சி பொட்டுகூட இல்ல. எனக்குப் புரியலம்மா" என்று அவள் வெங்காயக்காரம்மாவிடமே வந்து சொன்னாள். "மண்ணு இல்லையா, ஏதாவது சொல்லிக்கிட்டா வருது?" என்று இவள் மழுப்பினாள்.

ஆனால் அவள் போட்ட கணக்கு முதலில் அடித்தது அவள் வீட்டுக்காரரைத்தான். குழி போட்ட மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல வாசலிலிருந்து இறங்கி வேகமாக நடந்தார். "ஐயா! நில்லுங்க, நில்லுங்க!" என்று தொப்பிக்காரி அலறினாள். ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அவர் பின்வாங்கி, குனிந்து, குழியின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பொக்லைன் சத்தம் கேட்டும், தன் பாதை நடுவிலேயே வெட்டுவார்கள் என்று நினைக்காதவர், கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தார். பிறகு குழிகளைச் சுற்றிப் பட்டை நாடா கட்டினார்கள். கிணற்றுக்கும் போக முடியாது, மோட்டாருக்கும் போக முடியாது. அவர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எதைக் காப்பாற்ற அவள் பொய் சொன்னாளோ, அதையே வெட்டிப் போட்டிருந்தார்கள். அவளே வரவழைத்த வெட்டு.

சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்க்கத் தொப்பிக்காரிக்கும் பொறுக்கவில்லை. நல்ல பெண்தான், அதில்தான் வினையே வந்தது. ஒரு தொட்டியில் தண்ணீர், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு தட்டு நிறைய ஓடு, எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, மண்ணு போகக் கழுவிக் குடுப்பீங்களா? என் ஆளுங்களுக்குப் பொறுமையே கிடையாது. உடைச்சுடறாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "குடும்மா, குடு. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

வெங்காயக்காரம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அவருக்கு எதுக்கு மேடம் இந்த வேலையெல்லாம்? கையைக் கிழிச்சுக்குவாரு."

"நான் கிழிச்சுக்காத ஓடா? நீ போ" என்றார் அவர்.

முதல் ஓட்டைத் தண்ணீரில் முக்கித் தேய்த்தார். இரண்டாவதைத் தேய்க்கும்போது கை நின்றது. ஓட்டின் விளிம்பை ஒரு தரம் கட்டைவிரலால் வருடினார். திருப்பி இன்னொரு தரம்.

"அம்மாடி, இது எங்க கிடைச்சுது?"

"மேல ஐயா. கிணத்தோரக் குழிக்குப் பக்கத்துல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "விளையாடாத. இது சரிவு ஓடு. விளிம்புல கட்டைவிரலால அமுக்கின பள்ளம் வரிசையாப் போகுது பாரு, அதுல ஒண்ணு மட்டும் ரெட்டையா விழுந்திருக்கும். செஞ்சவன் எங்கேயோ பராக்குப் பாத்திருக்கான். இந்த ஓடு என் குதிகாலைப் பிளந்து நான் நொண்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நானேதான் மோட்டார் ரூமுக்குப் பின்னால வீசினேன்." சொல்லிக்கொண்டே தட்டில் கைவிட்டு அடுத்ததை எடுத்தார். "இதுவும் சரிவுதான். இதுவும். மேல ஓடே கிடையாதும்மா. மேல் மண்ணு எனக்குத் தெரியாதா?" ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரர்களைப் பார்த்தவர் போல அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

தொப்பிக்காரி நிமிர்ந்து வரிசை தப்பாமல் நின்ற கொடிகளைப் பார்த்தாள். பிறகு மோட்டார் அறைப் பக்கம். கடைசியாக வாசற்படியில் நின்ற வெங்காயக்காரம்மாவை. வெங்காயக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா சொல்றது சரியாம்மா?" என்று தொப்பிக்காரி கேட்டாள். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஒரு வாக்கியம் போதும். 'வயசாயிடுச்சு மேடம், அவருக்கு எல்லாம் குழம்புது' என்றால் முடிந்தது. கண் தெரியாத ஒருவர் தடவிப் பார்த்துச் சொன்னதை எந்த அலுவலகம் எடுத்துக்கொள்ளும்? ஓடு மேலே கிடைத்தது கிடைத்ததாகவே இருக்கும், ரோடு கீழே போகும், வீடு நிற்கும், குழியை மூடிவிட்டால் அவர் பழையபடி நடப்பார். வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பொய் சொல்லத் தெரியாத பெண்ணும் இல்லை அவள். சந்தையில் முந்தாநாள் வெங்காயத்தை இன்றைக்குப் பிடுங்கியது என்று சத்தியம் செய்து விற்றவள்.

ஆனால் அவர் முகம் அவள் இருந்த பக்கம் திரும்பியிருந்தது. கையில் ஈர ஓட்டை ஏந்திக்கொண்டு காத்திருந்தார். கண் போன புதிதில் அவர் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தொட்டு, அது இன்னது என்று சொல்லி, அவள் பக்கம் திரும்பிக் காத்திருப்பார். அவள் சரி என்பாள். அவள் சொன்ன அந்தச் சரிகளைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் மறுபடி எழுந்து நடந்தார். இப்போது அந்தக் கை பொய் சொல்கிறது என்று, அவர் காதுபட, வேற்றாள் முன்னால் எப்படிச் சொல்வாள்? வீட்டைக் கொடுத்துவிடலாம். இதைச் செய்ய முடியாது.

"அவர் சொல்றதுதான் சரி" என்றாள். "அவருக்குத் தப்பாது. நான்தான் அள்ளிட்டு வந்து மேல போட்டேன்."

"நீயா?" என்றார் அவர். "எதுக்கு?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கீழ பழைய ஊரு இருந்தா ரோடு மேலயே வருமாம். வீடு, கெணறு எல்லாம் போயிடுமாம். உங்ககிட்ட நான் மாத்திச் சொல்லிட்டேன்."

தன் வாயால் என்ன செய்துவிட்டோம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்குவது முகத்தில் தெரிந்தது. ஓட்டைத் தட்டில் வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மாடி" என்றார் தொப்பிக்காரி பக்கம் திரும்பி. "நான் உளறிட்டேன். எனக்குக் கை மரத்துப் போய் ரொம்ப நாளாச்சு. எதைத் தொட்டாலும் ஒண்ணுதான். வீட்டுல சொன்னா வருத்தப்படுவாளேன்னு சொல்லாம வச்சிருந்தேன். இவ பாவம், எம் பேச்சு பொய்யாயிடக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறா. ஓடு மேலதான் கிடந்துச்சு. அப்படியே எழுதிக்க."

தன் கையைப் பற்றி அவ்வளவு பெருமை வைத்திருந்த மனிதர் அதைச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. வெங்காயக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொப்பிக்காரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். தொப்பி இல்லாமல் பார்த்தால் மகளைவிடச் சின்னவள்.

"ஐயா, நீங்க முதல்ல சொன்னதை நான் கேட்டுட்டேனே. கேக்காத மாதிரி எப்படி இருக்க முடியும்? சரிவுக்கு அடியில ஒரு ஊரே அப்படியே இருந்துச்சுன்னா? அது மேல ரோடு போடலாம்னு நான் கையெழுத்துப் போடணும். அப்புறம் யாரு வந்து தேடினாலும் கிடைக்காது ஐயா."

"அந்த ஊர்ல இருந்தவங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க" என்றாள் வெங்காயக்காரம்மா. "நாங்க இருக்கோம்."

தொப்பிக்காரி சரிவுப் பக்கம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கீழ ஒரே ஒரு குழி போட்டுப் பாத்துடறேன்மா. ஒண்ணும் இல்லாமப் போகணும்னு நானும் வேண்டிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். வெங்காயக்காரம்மாவால் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவளைக் கும்பிடவும் முடியவில்லை.

வேண்டுதல் எல்லாம் மண்ணுக்குக் கேட்பதில்லை. மறுநாள் பொக்லைன் சரிவில் இறங்கி, உழவு மண்ணைச் சீவி எடுத்த உடனேயே நிறம் மாறியது. அடித்து இறுக்கிய தரை வந்தது. தரைக்கு நடுவே தீயில் வெந்து சிவந்த மண். சுற்றிலும் கம்பு நட்ட குழிகள் கறுப்பு வட்டங்களாக. ஆட்கள் முதலில் கூவினார்கள். பிறகு மேலே வீட்டு வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். பொக்லைன்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ரெண்டு நாள் கொத்துக்கரண்டியால் சுரண்டித் தரையைச் சுத்தம் செய்தபின் தொப்பிக்காரி வீட்டுக்கு வந்தாள். வாசலில் தயங்கி நின்றாள். "ஐயாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா? வேணாம்னா விட்டுடறேன்."

வெங்காயக்காரம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் வீட்டைப் பிடுங்குவதை நாங்களே வந்து பார்க்க வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

நாடா கட்டிய குழிகளைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள். சரிவு தொடங்கியதும் அவர் முன்னால் போய்விட்டார். குழிக்குள் இறங்கி, முட்டி போட்டார். தொப்பிக்காரி அவர் வலது கையைப் பிடித்துத் தரைமேல் வைத்தாள்.

"ஏதாவது தெரியுதா ஐயா?"

கை அப்படியே இருந்தது. பிறகு விரல்கள் மெல்ல நகர்ந்தன. வழவழவென்ற தரையில் ஊர்ந்து, ஓரிடத்தில் தேய்ந்த பள்ளத்தில் இறங்கி, ஏறி, வெந்த மண்ணின் சொரசொரப்பைத் தொட்டதும் நின்றன.

"இல்லம்மா" என்றார். "ஒண்ணும் தெரியல. அதான் சொன்னேனே, மரத்துப் போச்சு."

தொப்பிக்காரி திரும்பி நின்றுகொண்டாள். வெங்காயக்காரம்மா குழி ஓரத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு போவது உறுதியான பிறகும் அவர் அந்தப் பொய்யை விடுவதாக இல்லை. விட்டால் அது அவளைத் திருடி ஆக்கிவிடும் என்று நினைத்திருப்பார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அது அடுப்பு" என்றாள். "மண்ணு அடுப்பு. ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு."

"அப்படியா?" என்றார் அவர், இப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல. அவர் விரல் அதற்குள் அடுப்பை முழுசாகச் சுற்றி வந்து, உடைந்த இடத்தில் நின்றிருந்தது.